பதின்மூன்று விடைத்தாள்களில் ஒரே வரி

1

மார்கழி பிறந்தால் என் தொலைபேசிக்கு ஊரிலிருந்து செய்திகள் வரத் தொடங்கும். பெரும்பாலும் பழைய மாணவர்கள். "ரீச்சர், சுகமா? அங்க பனி கொட்டுதா?" என்று கேட்பார்கள். லண்டனுக்கு வெளியே நான் இருக்கும் இடத்தில் பனி கொட்டுவது குறைவு, மழைதான். இருந்தாலும் ஓம் என்று எழுதிவிடுவேன். அவர்களுக்கும் அதுதான் விருப்பம்.

இந்த வருடம் வந்தது ஒரு குரல் பதிவு. வேலைக்குப் போகும் பேருந்தில் உட்கார்ந்து காதில் வைத்துக் கேட்டேன்.

"ரீச்சர், நான் சுபாசினி. நாகமணி மாஸ்டர்ர மகள். சுனாமிக்கு இருவது வருசம் வருது. பழைய மாணவர் சேர்ந்து பள்ளிக்கூடத்தில ஒரு வாசிப்பறை கட்டியிரிக்கம். அப்பாட பேர வைப்பம் எண்டு சிலபேர் சொல்றாங்க. தவராசா மறிக்கிறான். பிழையான வரி படிப்பிச்சு ஒரு வகுப்பையே கெடுத்த ஆளுக்கு என்னத்துக்குப் பேர் எண்டு கேக்கிறான். அப்பாட கொப்பி என்னட்ட இரிக்கு. அதில அந்த வரி இல்ல. ஆனா அரைவாசிப் பக்கம் உப்புத் தண்ணியில கரைஞ்சு போச்சே, அதுக்குள்ள இரிந்திருக்கும் எண்டு அவன் சொல்றான். கரையிறதுக்கு முதல், வாசிக்கக்கூடியதா இரிக்கக்குள்ள, அந்தக் கொப்பிய கையில வெச்சிருந்தது நீங்க மட்டும்தான். அதில அந்த வரி இல்லயெண்டு நீங்க ஒரு கடிதம் எழுதித் தந்தாக் காணும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம்."

இறங்க வேண்டிய தரிப்பிடத்தைத் தாண்டி இரண்டு தரிப்பிடம் போய்விட்டேன். இருபது வருடத்தில் சுபாசினி எனக்கு ஒரு வாழ்த்துக்கூட அனுப்பியதில்லை. அதற்கான காரணம் எனக்குத் தெரியும். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

அந்த வரி மாஸ்டருடையது என்று கொழும்பில் கையெழுத்து வைத்தவள் நான். அந்த வரியைப் பிள்ளைகளுக்குச் சொன்னவளும் நான்.

2

இங்கே நான் ஒரு உயர்நிலைப் பள்ளியில் வகுப்பறை உதவியாளராக இருக்கிறேன். ஆசிரியை பாடம் நடத்த, பின்தங்கிய பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்து பேனையைப் பிடிக்க வைப்பது என் வேலை. ஆசிரியையாக வரலாம் என்று முதலில் ஒரு ஆசை இருந்தது. விண்ணப்பம் போட்டேன். பட்டச் சான்றிதழின் மூலப் பிரதி வேண்டும் என்று கடிதம் வந்தது. கடலில் போய்விட்டது என்று பதில் எழுதினேன். அது எப்போது, எவ்வாறு தொலைந்தது என்பதற்கு ஆதாரம் இணைக்கவும் என்று அடுத்த கடிதம். அந்தப் படிவத்தில் விளக்கம் எழுத இரண்டு கோடு விட்டிருந்தார்கள். இரண்டு கோட்டுக்குள் சுனாமியை அடக்கத் தெரியாமல் விட்டுவிட்டேன்.

இங்கே ஆங்கில இலக்கிய வகுப்பில் பலகையில் எப்போதும் மூன்று சொற்கள் எழுதியிருக்கும். கருத்து, ஆதாரம், விளக்கம். கதாநாயகி பயந்தவள் என்று எழுதினால் அவள் பயந்தது தெரியும் வரியை நூலிலிருந்து எடுத்துக் கீழே எழுத வேண்டும், பிறகு அந்த வரி எப்படிப் பயத்தைக் காட்டுகிறது என்று சொல்ல வேண்டும். போன மாதம் என் பக்கத்தில் இருந்த ஒரு பெண் பிள்ளை "அவன் கெட்டவன்" என்று மட்டும் எழுதிவிட்டு நகம் கடித்துக்கொண்டிருந்தாள். "நிரூபி பார்ப்போம்" என்ற அர்த்தத்தில் எனக்கு வந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் முகம் சிவந்துவிட்டது. வகுப்பு முடிந்ததும் ஆசிரியை என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு, அது பொலிஸ் கேட்பது போல இருக்கிறது, வேறு மாதிரிக் கேளுங்கள் என்று பணிவாகச் சொன்னார். அவருக்கு என் மகளின் வயதைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். சரி என்று தலையாட்டினேன்.

ஊரில் நான் இதைவிட மோசம். கல்லாற்றுப் பக்கத்தில், ஒரு கையில் கடலும் மறு கையில் வாவியுமாக இருந்த பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருடம் உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பித்தேன். என் வகுப்பில் பிள்ளைகள் கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் நெடுக்காக மடித்துக் கோடு விழுத்த வேண்டும். இடது பக்கம் நீ சொல்வது, வலது பக்கம் நூல் சொல்வது. வலது பக்கம் வெறுமையாக இருந்தால் இடது பக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும் குறுக்கே வெட்டுவேன். "உன்ர எண்ணத்த ஆர் கேட்டது? வரியக் காட்டு" என்பேன். பிள்ளைகள் எனக்குப் பின்னால் "வரி ரீச்சர்" என்று பட்டம் வைத்திருந்தார்கள். வரி அறவிடுகிற ஆள் வருகிறா, எழும்புங்கடா என்று வாசலில் யாரோ சொல்வது கேட்கும். எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

நாகமணி மாஸ்டர் அதே ஊரில் ரியூசன் வைத்திருந்தார். வாவிக்கரையில் ஓலைக் கொட்டில், பிள்ளைகள் இருக்க நான்கு வாங்கு, ஒரு கரும்பலகை. என் பிள்ளைகளில் பாதிப்பேர் பின்னேரம் அவரிடம் போவார்கள். எனக்கு அது பிடிக்காது. நான் வெட்டியதை அவர் தடவிக் கொடுக்கிறார் என்று நினைப்பேன். ஒருநாள் சந்தையில் கண்டபோது, "ரீச்சர், நீங்க வரியக் கேக்கிறீங்க, நான் அந்த வரிய எழுதினவனுக்கு என்ன நடந்திரிக்கும் எண்டு கேக்கிறன், ரெண்டும் வேணும்தானே" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது, எல்லாம் தெரிந்த வயது.

3

கடல் வந்த காலையில் வாவிப் பக்கம் ஓடியவர்களும் தப்பினார்கள் என்று இல்லை. ஊரின் குறுக்களவு அவ்வளவுதான். நான் அன்று அண்ணன் வீட்டுக்கு மட்டக்களப்பு நகரத்துக்குப் போயிருந்ததால் உயிரோடு இருக்கிறேன். மறுநாள் திரும்பி வந்தபோது பள்ளிக்கூடத்தின் மேல்கட்டடம் மட்டும் நின்றது. அதன் வராந்தாவில்தான் உடல்களைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். ஆண்கள் குறைவாக இருந்ததால் நானும் நின்று பெயர் எழுதினேன். பெயர், தகப்பன் பெயர், யார் அடையாளம் காட்டினார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டே போனேன். நாகமணி மாஸ்டரின் பெயரையும் எழுதினேன் என்பது அந்தக் கொப்பியைப் பிறகு பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த இரண்டு நாளில் என் கண் பார்த்தது, காது கேட்டது எதையும் தலை ஒழுங்காக வைத்துக்கொள்ளவில்லை.

என் உயர்தர வகுப்பில் பதினேழு பிள்ளைகள். பதினாலு பேர் மிஞ்சினார்கள். அவர்கள் அடுத்த வருடம் பரீட்சை எழுத வேண்டும். புத்தகம் ஒன்றும் இல்லை. என்னுடையவை வீட்டோடு போய்விட்டன, நூலகம் சேறாகக் கிடந்தது. புதிய நூல்கள் வரும் என்று வலயக் கல்வி அலுவலகத்தில் சொன்னார்கள். கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் வந்தது, தமிழுக்கு வரவில்லை.

நாங்களே நூலைத் திரும்பச் செய்தோம். கூரையாகக் கட்டியிருந்த தறப்பாளுக்குக் கீழே பிள்ளைகளை வட்டமாக இருத்தி, யாருக்கு என்ன ஞாபகம் இருக்கிறதோ அதைச் சொல்லச் சொன்னேன். ஒருத்தி ஒரு கவிதையின் பாதியைச் சொல்வாள், இன்னொருவன் மீதியைச் சொல்வான், நான் திருத்துவேன். சுபாசினி தன் அப்பாவின் குறிப்புக் கொப்பியைக் கொண்டுவந்தாள். உப்புத் தண்ணீரில் ஊறி உப்பியிருந்தது. அப்போது மை பரவியிருந்தாலும் முக்கால்வாசி வாசிக்கலாம். பிறகு, நாள் போகப் போக, அது தானாகவே கரைந்துபோனது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, என் ஞாபகத்தையும் சேர்த்து, பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதினார்கள். எது மாஸ்டரின் குறிப்பு, எது என் ஞாபகம் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. நானும் பிரித்துச் சொல்லவில்லை. அவசரம். எல்லாம் நூல்தானே என்று நினைத்தேன்.

பாடத்தில் ஒரு சிறுகதை இருந்தது. வெள்ளத்தில் போன தோணிக்காரனைப் பற்றியது. கடைசியில் அவனைக் கரையில் கொண்டுவந்து கிடத்துகிறார்கள், மனைவி பக்கத்தில் இருக்கிறாள். அந்த இடத்துக்கு வந்தபோது நான் நிறுத்தாமல், யோசிக்காமல், ஒரு வரி சொன்னேன்.

"இவருக்குக் குளிரும். யாராவது போர்த்திவிடுங்கள்."

பதின்மூன்று பிள்ளைகள் குனிந்து வலது பக்கத்தில் எழுதினார்கள். அவள் கணவனின் சாவை ஏற்றுக்கொள்ளவில்லை என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் இல்லை, அடிக்கோடு போடுங்கள் என்றும் சொன்னேன். சுபாசினி எழுதாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தகப்பனை இழந்த பிள்ளை, விடுவோம் என்று நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வரி கதையில் இல்லை. கதையில் அந்தப் பெண் கடைசிவரை ஒரு சொல்லும் பேசமாட்டாள்.

4

பரீட்சையில் சரியாக அந்த இடத்தைத்தான் கேட்டிருந்தார்கள். அவள் அவனது சாவை ஏற்றாளா, நூலிலிருந்து சான்று தந்து விளக்குக. பிள்ளைகள் மண்டபத்தை விட்டுத் துள்ளிக்கொண்டு வந்தார்கள். "ரீச்சர், நீங்க அடிக்கோடு போடச் சொன்ன இடம்" என்று தவராசா தூரத்திலிருந்தே கத்தினான். அவன்தான் வகுப்பில் முதலாவது. பல்கலைக்கழகம் போவான் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது.

பெறுபேறு வந்த நாளில் பதின்மூன்று பேருக்கும் பெயருக்கு எதிரே ஒன்றும் இல்லை. நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது என்று மட்டும் இருந்தது. சுபாசினிக்கு மட்டும் வந்தது, நன்றாகவே வந்தது. ஒரே பரீட்சை நிலையத்தில் பதின்மூன்று விடைத்தாள்களில், நூலில் இல்லாத ஒரே வரி, ஒரே மாதிரி அடிக்கோட்டோடு. பார்த்து எழுதினார்கள் என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பார்கள்? சிறிது நாளில் என்னைக் கொழும்புக்கு விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது.

அதிபர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நல்ல மனிதர், தன் மகனைக் கடலுக்குக் கொடுத்தவர்.

"ரீச்சர், இத நீங்க சொன்னது எண்டு சொன்னா, ரீச்சரும் பிள்ளைகளும் சேர்ந்து செஞ்ச வேலை எண்டு முடிப்பாங்க. பிள்ளைகளுக்குத் தடை, உங்களுக்கு வேலை போகும், பள்ளிக்கூடத்துக்கு சோதனை நிலையமும் இல்லாமப் போகும்."

"அப்ப என்ன செய்யச் சொல்றீங்க சேர்?"

"ரியூசன் குறிப்பில வந்தது எண்டு சொல்லுங்க. நாகமணி மாஸ்டர் செத்துப் போனார். அவருக்கு இனி என்ன வரப்போகுது?"

நான் யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். கேட்ட உடனே நெஞ்சுக்குள் ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. அதுதான் எனக்கு இன்றுவரை வெட்கம்.

கொழும்பில் என்னை விசாரித்தவர் அழகாகத் தமிழ் பேசினார். தேநீர் தந்தார். பிறகு அந்தப் பாடநூலை மேசையில் என் பக்கம் திருப்பி வைத்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்த நூலை அப்போதுதான் காண்கிறேன்.

"அந்த வரியக் காட்டுங்க ரீச்சர்" என்றார்.

மூன்று தடவை அந்தக் கதையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை புரட்டினேன். இல்லாத வரி என்று தெரிந்துதான் வந்தேன். என்றாலும் இருக்கும் என்று ஒரு நப்பாசை. அவர் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டு, அதிபர் சொல்லித் தந்ததைச் சொன்னேன். அவர் எழுதினார். ஒரு இடத்தில் பேனையை நிறுத்தி, "பதினாலு பேரில ஒரு பிள்ளை மட்டும் அந்த வரிய எழுதல்லையே, ஏன்?" என்று கேட்டார்.

அந்தப் பிள்ளை நாகமணி மாஸ்டரின் மகள். அவர் படிப்பித்த வரி என்றால் முதலில் எழுதியிருக்க வேண்டியவள் அவள். இதைச் சொன்னால் என் கதை அந்த நிமிடமே உடைந்துவிடும்.

"சுனாமியில தகப்பன் போன பிள்ளை சேர், அதுக்குப் பிறகு அந்தக் குறிப்ப எடுத்துப் படிக்கல்ல" என்றேன்.

அவர் தலையாட்டி அதையும் எழுதினார். வாசித்துக் காட்டினார். கையெழுத்து வைத்தேன்.

பெறுபேறுகள் பல மாதம் கழித்து வந்தன. அந்தக் கேள்விக்குப் புள்ளியைக் கழித்துவிட்டுத் தந்தார்கள். அதற்குள் அந்த வருட அனுமதி முடிந்துவிட்டது. தவராசா திரும்ப எழுத மாட்டேன் என்று வளைகுடாவுக்குப் போனான். மற்றவர்கள் சிலர் திரும்ப எழுதினார்கள், சிலர் விட்டுவிட்டார்கள். சுபாசினி மட்டும் பல்கலைக்கழகம் போனாள். ஊர் அதற்கும் ஒரு கதை கட்டியது. மாஸ்டர் தன் மகளுக்குச் சரியானதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு ஊரான் பிள்ளைகளுக்குப் பிழையானதைக் கொடுத்தாராம். மாஸ்டரின் மனைவி முதலில் சந்தைக்குப் போவதை நிறுத்தினார், பிறகு கோயில் சடங்குக்குப் போவதையும் நிறுத்தினார். நான் அவர் வீட்டு ஒழுங்கையால் போகாமல் சுற்றிப் போகப் பழகிக்கொண்டேன்.

5

பிறகு சண்டை திரும்பத் தொடங்கியது. என் கணவர் நிவாரண வேலைக்கு வாகனம் ஓடினார். யாரை எங்கே ஏற்றினாய் என்று கேட்டு இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள், இன்னொரு நாள் வேறு இரண்டு பேர் வந்தார்கள். அவர் முதலில் நாட்டை விட்டு வெளிக்கிட்டார். போர் முடிந்தது என்று வெடி கொளுத்திய நாட்களில், மகள் மிதுனாவைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு நானும் வந்தேன்.

இங்கே தஞ்சம் கேட்ட அலுவலகத்தில் ஐந்து மணித்தியாலம் இருத்தி வைத்துக் கேட்டார்கள். வந்தவர்கள் எத்தனை பேர், எந்த நிறச் சட்டை, எந்த மொழி, என்ன கிழமை? எல்லாவற்றையும் நடந்தபடியே சொன்னேன். அவர்கள் எழுதிய முடிவில், இவர் கூறுவதற்கு ஆதாரமில்லை, நம்பத்தக்கதாக இல்லை என்று இருந்தது. மேன்முறையீடு, திரும்ப விசாரணை என்று நான்கு வருடம் இழுபட்டது. அந்த நான்கு வருடமும் எனக்கு ஒரு எண்ணம்தான் திரும்பத் திரும்ப வந்தது. கொழும்பில் பொய் சொன்னேன், தேநீர் தந்து நம்பினார்கள். இங்கே உண்மையைச் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை. செய்ததற்கு இது கிடைத்தது என்று சில நாள் நினைப்பேன். அடுத்த நாள், பிள்ளைகளுக்காகத்தானே செய்தேன் என்று நினைப்பேன். பிள்ளைகளுக்காக என்பதில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதி என் வேலை, என் பெயர்.

6

சுபாசினியின் குரல் வந்த அன்று மாலை கடிதம் எழுத உட்கார்ந்தேன். கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பழசக் கிளறி என்ன செய்யப் போற? கொப்பியில வரி இல்ல எண்டு மட்டும் எழுதி விடு. அது உண்மைதானே" என்றார். அது உண்மைதான். அப்படியே எழுதினேன்.

மேசையின் மறுபக்கத்தில் மிதுனா தன் இலக்கியக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தாள். பதினாறு வயது. தமிழ் விளங்கும், வாசிக்க வராது, என்னோடு பேசுவது ஆங்கிலத்தில். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியைப் பன்னிரண்டு வயதோடு விட்டுவிட்டாள். நான் தமிழ் படிப்பித்தவள் என்பது அவளுக்கு ஒரு தகவல், அவ்வளவுதான். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். வாசித்துக் காட்டினேன். இக்கடிதத்தால் அறியத்தருவது யாதெனில், மேற்படி குறிப்பேட்டில் அவ்வாறான வரி காணப்படவில்லை, அக்காலச் சூழலில் சில தவறுகள் நிகழ்ந்தன, அமரர் நாகமணி அவர்கள் சிறந்த ஆசான்.

பிறகு கேட்டாள், வரி அந்தக் கொப்பியில் இல்லை என்றால் எங்கே இருந்தது? யார் சொன்னது?

நான் கடிதத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

தவறுகள் நிகழ்ந்தன என்றால் என்ன, யார் செய்த தவறு என்று திரும்பக் கேட்டாள். என் ஆசிரியை இதைத் திருப்பித் தந்துவிடுவா, இதில் ஒரு கருத்தும் இல்லை, ஆதாரமும் இல்லை என்றாள்.

சொன்னேன். முதல் தடவையாக ஒருவரிடம் முழுவதையும் சொன்னேன். என் மகளுக்கு, எனக்கு வராத மொழியில் பாதியும் அவளுக்கு வராத மொழியில் பாதியுமாகச் சொன்னேன். அவள் பேனையை மூடிவைத்துவிட்டுக் கேட்டாள். கேட்டு முடிந்ததும், நீங்கள் இறந்துபோன ஒருவர்மேல் பொய் சொன்னீர்கள், பிறகு அவருடைய மகளைப் பற்றியும் பொய் சொன்னீர்கள் என்றாள்.

"உனக்கு என்ன தெரியும் அந்த நேரத்தப் பத்தி" என்று கத்தினேன்.

தெரியாது, அதனால்தான் கேட்டேன் என்று சொல்லிவிட்டு எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. எத்தனை பிள்ளைகளின் இடது பக்கத்தைக் குறுக்கே வெட்டியிருப்பேன்? என் கடிதத்தை நான் அதே மாதிரி வெட்ட அன்று இரவுச் சாப்பாடு வரைக்கும் எடுத்தது. பிறகு புதிதாக எழுதினேன். அனுப்பவில்லை. அதை நானே வாசிக்க வேண்டும், கூட்டத்தில் என்னைத் தொலைபேசியில் எடு என்று சுபாசினிக்குச் செய்தி போட்டேன்.

7

ஞாயிற்றுக்கிழமை இங்கே காலை பதினொரு மணி, அங்கே பின்னேரம். மேசையில் யாரோ தொலைபேசியை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். எனக்குத் தெரிந்தது புதுச் சுவரும் நாலைந்து முகமும்தான். தலை நரைத்தவனைத் தவராசா என்று கண்டுபிடிக்க நேரம் எடுத்தது. இப்போது பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலைப் பார்த்து நடத்துகிறான். சுபாசினி கரடியனாற்றில் படிப்பிக்கிறாள். கதிரை ஓரத்தில் இருந்தாள், கொப்பி மடியில் இருந்தது.

"ரீச்சர் வந்திட்டா, எல்லாரும் இரிங்க" என்று தவராசா சொன்னான். அந்தக் குரலில் பழைய மரியாதை அப்படியே இருந்தது. அதைக் கேட்டதும் கடிதத்தை மடித்துவிட்டு நலம் விசாரித்துவிட்டுப் போய்விடலாமா என்று வந்தது. உண்மையாகவே வந்தது.

வாசித்தேன். வரியைச் சொன்னது நான். மாஸ்டரின் கொப்பியில் அது இல்லை, கரையாத நிலையில் அந்தக் கதைக்கான பக்கங்கள் முழுவதையும் நான் வாசித்திருக்கிறேன். கொழும்பில் அவர்மேல் போட்டதும் நான். அவருடைய மகள் அந்த வரியை எழுதவில்லை என்பதே அது அவர் படிப்பித்தது அல்ல என்பதற்கு ஆதாரம், அதைத் தெரிந்தே மறைத்தேன்.

வாசித்து முடித்ததும் கடிதத்தை மடித்தேன். இணைப்பு விட்டுவிட்டதோ என்று பார்த்தேன். விடவில்லை.

"ரீச்சர்," என்றான் தவராசா. "எனக்கு அந்த வருசம் போனதுக்கு நான் ஆர ஏசினன் தெரியுமா? சவூதியில வெயிலுக்குள்ள நிண்டு ஏசினன். கலியாணம் கட்டி, பிள்ளை பிறந்து, அதுக்குப் பிறகும் ஏசினன். மாஸ்டர்ர பொஞ்சாதி ஒருக்கா எதிர வந்தா, நான் முகத்தத் திருப்பிக்கிட்டுப் போனன். இப்ப அதையெல்லாம் நான் எங்க கொண்டு போய் வெக்க?"

"என்னில வை மனே" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

"உங்களில வெக்க ஏலாமத்தான் கேக்கிறன்" என்றான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி. நூலிலயும் இல்ல, மாஸ்டர்ர கொப்பியிலயும் இல்ல. அப்ப அந்த வரி எங்க இரிந்து வந்த?" என்று கேட்டான்.

"தெரியாது" என்றேன். அது உண்மை. இருபது வருடமும் நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன், விடை கிடைக்கவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள் சுபாசினி.

அவள் என்னைப் பார்க்காமல், மடியில் இருந்த கொப்பியைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்பாவப் பள்ளிக்கூட வராந்தாவில கொண்டுவந்து கிடத்தக்குள்ள அம்மா சொன்னது. 'இவருக்குக் குளிருமே கா, ஆராவது போத்தி விடுங்களன்' எண்டு. நீங்க பக்கத்தில நிண்டு பேர் எழுதிக்கிட்டு இரிந்தீங்க. உங்கட சால்வைய எடுத்துப் போத்தினதும் நீங்கதான். பிறகு நீங்க அத வகுப்பில கதையெண்டு சொல்லக்குள்ள எனக்குத் திடுக்கிட்டு ஏங்கிப்போச்சி. அதான் எழுதல்ல. கதையில அவ பேசமாட்டா எண்டு அப்பா படிப்பிச்சது எனக்கு ஞாபகம். சோதனையிலயும் அதத்தான் எழுதினன்."

"ஏன் புள்ள அப்பவே சொல்லல்ல?" என்று யாரோ ஒரு பெண் கேட்டாள்.

"சொல்லியிரிந்தா அம்மா பிரேதத்துக்கு மேல சொன்னத ஊரெல்லாம் கதைச்சிருக்கும். அம்மா தாங்கமாட்டா. ரீச்சர் தானாச் சொல்லுவா எண்டும் பாத்தன்." கொப்பியை மேசையில் வைத்தாள். "ரீச்சர், உங்களில கோவமா எண்டு கேக்காதீங்க. அதுக்கு நான் இப்ப பதில் சொல்லமாட்டன். போனில சொன்னது இந்த அறைக்குள்ள இரிக்கிற ஆக்களுக்கு மட்டும்தான். அப்பாவப் பத்தி ஊரெல்லாம் கதைச்சாங்க. அப்ப ஊரெல்லாம் வாசிக்கிற மாதிரி எழுதுங்க. அம்மாவ நான் முந்தியே கேட்டன், எழுதலாமெண்டு சொல்லிட்டா."

பெயர் வைப்பதா என்று அவர்கள் அதன் பிறகு பேசி முடிவெடுத்தார்கள். நான் அதற்கு முன்பே இணைப்பைத் துண்டித்துவிட்டேன். அது எனக்குக் கேட்க உரிமை உள்ள விசயம் அல்ல. மிதுனா கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்கு, சுபாசினி கேட்டபடி, எழுதித் தருகிறேன். என் பெயர் யோகேஸ்வரி. கல்லாற்றுப் பக்கத்தில் ஒன்பது வருடம் தமிழ் படிப்பித்தேன். பதின்மூன்று பிள்ளைகள் பரீட்சையில் எழுதிய அந்த வரியை அவர்களுக்குச் சொன்னது நான். அவர்கள் பார்த்து எழுதவில்லை. நாகமணி மாஸ்டர் அந்த வரியை யாருக்கும் படிப்பிக்கவில்லை. அவர் அதைக் கேட்டதுகூட இல்லை. அது சொல்லப்பட்டபோது அவர் என் காலடியில் இறந்து கிடந்தார்.